ரொட்டி வண்டியின் முன் அச்சு

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் தேநீர்க் கடைகளுக்கு ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் ஏற்றிப்போய்க்கொண்டிருந்த ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப், கடந்த ஒரு பருவமாகப் பெட்டிமுடிக்கு அப்பால் காட்டுப் பாதையில் அரிசி மூட்டை சுமக்கிறது. இடையில் அதற்கு நடந்ததை அந்த வட்டாரத் தமிழில் 'ஃபோர்வீல் ஆக்குறது' என்பார்கள். சொல்லைக் கேட்டால் ஒரே ஒரு வேலை போலத் தோன்றும். உண்மையில் அது எத்தனை வேலை என்ற கேள்விக்கு, அந்த வண்டியோடு தொடர்புடைய மூன்று பேரிடம் மூன்று விடைகள் இருக்கின்றன. ஆய்வரங்குகளில் இத்தகைய கேள்வி ஒரு தேநீர் இடைவேளையோடு முடிந்துவிடும். இங்கே அதில் ஒருவருடைய பிழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் லயத்தில் பிறந்தவர். தாய் கொழுந்து பறித்தவர். தந்தை தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவில் இருந்தவர். குடும்பத்தின் வேர் தூத்துக்குடிப் பக்கம். மூன்று தலைமுறை மலையில் கழிந்தும் பேச்சில் தென்பாண்டி இழுவை போகவில்லை. அவருக்குத் தோட்ட வேலை பிடிக்கவில்லை, வண்டி பிடித்தது. ஒரு பேக்கரியில் ஓட்டுநராகச் சேர்ந்து பதினேழு ஆண்டுகள் இந்த ஜீப்பையே ஓட்டினார். ஜீப் என்று சொன்னாலும் முகம் மட்டுமே ஜீப். பின்னால் மரச்சட்டத்தில் தகரம் அடித்த உயரமான பெட்டி; உள்ளே தட்டுத்தட்டாக அலமாரி. பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுக்கும் வண்டி. தார்ச்சாலைக்கும் தோட்டத்துக் கல்சாலைக்கும் அது போதும்.

2005இல் டாட்டா ஏஸ் வந்த பிறகு இந்தியச் சிறுநகரங்களின் சரக்குப் போக்குவரத்தே மாறிப்போனது. மலைக்கு அந்த மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தது. வந்ததும் பேக்கரி முதலாளி குட்டி லாரி வாங்கினார். ஜீப் பின்கட்டில் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டன. ஓட்டுநர் குட்டி லாரிக்கு மாறினார். சில ஆண்டுகள் ஓட்டினார்.

பெட்டிமுடி அவருடைய தடத்தின் கடைசி நிறுத்தம். ராஜமலையைத் தாண்டி, வரையாடுகள் மேயும் புல்மலைகளின் ஓரமாகப் போகும் சாலை அங்கே முடியும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து அங்கிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை கிரீம் பன் கேட்கும் என்பது ரொட்டி வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு பேக்கரி வேலையை விட்டுவிட்டார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். கணக்குத் தீர்க்கும்போது, வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதிக்குப் பின்கட்டிலிருந்த ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெட்டிமுடியில் தார்ச்சாலைதான் முடிகிறது, பாதை முடியவில்லை. அதற்கு அப்பால், கீழே, காட்டுக்குள் இடமலக்குடி இருக்கிறது. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர்களின் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள் அதில் சிதறிக் கிடக்கின்றன. தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது முதுவர்களின் வாய்மொழி மரபு. அவர்களுடைய பேச்சு தமிழோடும் மலையாளத்தோடும் ஒட்டி உறவாடுவது. ஊர்ப்பெயர்களில் வரும் 'குடி' நம் காரைக்குடியிலும் மன்னார்குடியிலும் உள்ள அதே குடிதான். ஜீப்புகள் போய் நிற்கும் இடத்தின் பெயரோ சொசைட்டிகுடி. கூட்டுறவுச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரை முன்னொட்டாக ஏற்றுக்கொண்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் பழந்தமிழ்ச் சொல் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. இடப்பெயராய்வு செய்பவர்கள் தூய வடிவங்களைத் தேடி அலையும்போது இந்தப் பெயரை ஒருமுறை எண்ணிக்கொள்ளலாம்.

அந்தப் பாதையில் மழைக்காலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளே போகும். அவையும் டயரில் சங்கிலி சுற்றிக்கொண்டு. போக முடியாத நாள்களில் தலைச்சுமைதான். சங்கிலி கட்டிய ஜீப் வைத்திருப்பவருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. ஆனால் தயாராக இருக்கும் ஃபோர்வீல் ஜீப்பின் விலை, பழையதாக இருந்தாலும், ரொட்டி வண்டி ஓட்டியவருக்கு எட்டாது. அவரிடம் இருந்தது ஒரு டூவீல் ஜீப்பும், ஒரு யோசனையும், டிப்ளமா முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த தங்கை மகனும்.

அடிமாலியில் ஒரு பட்டறை. அங்கே தலைமை மெக்கானிக்கை ஆசான் என்பார்கள். தமிழில் பள்ளிக்கூடத்துக்கும் சிலம்பக் கூடத்துக்கும் உரிய சொல் மலையாளத்தில் கிரீஸ் படிந்த கைக்கும் பொருந்துகிறது, பொருத்தமான பயன்பாடுதான். ஆசான் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டிரைவரே, முன்னால மாத்தினா பின்னால மாத்தணும். பின்னால மாத்தினா நடுவுல மாத்தணும். நடுவுல மாத்தினா எல்லாம் மாத்தணும். சம்மதமா?"

"முன்னால மட்டும் போதும் ஆசானே."

"அப்போ முன்னால மட்டும் உள்ள பாதை தேடணும்."

ஆசான் சொன்னது மிகையில்லை என்பது அடுத்த எட்டு மாதங்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

டூவீல் ஜீப்பின் முன்னால் இருப்பது வெறும் அச்சு. சக்கரங்களைத் தாங்கும், திருப்ப விடும், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு, உள்ளே கிரவுனும் பினியனும் கொண்ட ஹவுசிங்கை வைக்கவேண்டும். அப்போதுதான் எஞ்சினின் விசை முன்சக்கரத்துக்கும் போகும். அந்த விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க, கியர்பாக்ஸின் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும். அவருக்குக் கிடைத்தது ராணுவ ஏலத்தில் போன ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்த தொகுதி. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து எடுத்தது. அதன் வடிவம் இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்போடு வந்தது. மஹிந்திரா 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, அந்த வம்சத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் வளர்த்தது. தாத்தாவின் பல் பேரனின் ஈறில் பொருந்தும் குடும்பம் அது. பழைய ஜீப்பைத் திருத்த முடிகிறது என்றால், மாற்றாமல் விட்ட அந்தப் பிடிவாதமே காரணம்.

ஆனால் அந்த டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து விசை வண்டியின் நடுக்கோட்டில் வெளியே வருவதில்லை. ஒரு பக்கமாகத் தள்ளி வரும். டூவீல் வண்டியின் பின் ஹவுசிங்கிலோ கிரவுன் நடுவில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு கோணலாக ஓடினால் அதன் கிராஸ்கள் சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துபோகும். ஆகவே முன்னால் மாற்றவந்தவர் பின் ஹவுசிங்கையும் மாற்றவேண்டியதாயிற்று. எப்படியும் மாற்றியிருக்கவேண்டும் என்பது பிறகு தெரிந்தது. வாங்கிவந்த முன் ஹவுசிங்கைத் திறந்து பல்லை எண்ணினான் மருமகன்: கிரவுனில் 43, பினியனில் 8. பழைய பின் ஹவுசிங்கில் 39க்கு 8. முன்சக்கரம் ஒரு விகிதத்திலும் பின்சக்கரம் வேறொரு விகிதத்திலும் சுற்றினால், சேற்றில் அந்த வேறுபாடு வழுக்கலில் மறைந்துவிடும். கெட்டியான தரையில் மறைய இடமில்லாமல் தண்டுகளை முறுக்கி, ஏதோ ஒன்றை உடைத்துவிட்டுத்தான் ஓயும். இரண்டும் ஒரே விகிதமாக இருக்கவேண்டும் என்பது இதில் விலக்கில்லாத இலக்கணம்.

முன்னால் ஹவுசிங் ஏறியதும் அது எஞ்சினின் அடித்தொட்டியை நெருங்கியது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி எழும்போது இடிக்கும். வில்பட்டைகளில் ஒன்று கூட்டவேண்டியிருந்தது. கூட்டியதும் ஸ்டீயரிங் கம்பியின் கோணம் மாறியது. அதைச் சரிசெய்ததும் சைலன்சர் குழாய் வழியை மறித்தது. பிரேக் குழாய்கள் நீளம் போதவில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை வெட்டி வேறிடத்தில் பற்றவைக்க வேண்டியிருந்தது. இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். மொழியில் ஓர் உறுப்பு மாறினால் அமைப்பு முழுவதும் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று முதலாண்டு முதுகலை வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். இரும்பில் அப்படித் தானாக எதுவும் திருந்துவதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் யாரோ ஒருவர் மல்லாந்து படுத்து, முகத்தில் துரு விழ, நட்டைக் கழற்றவேண்டியிருக்கிறது.

முன் ஹவுசிங் வந்த வழி சுவையானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளத்துக்கு இப்போது ஜீப் விளையாட்டு ஒரு பெரும் மோகம். கோவாவில் 2014 முதல் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் அதன் உச்சம். அதற்குக் கீழே ஊர்தோறும் சேற்றுப் பந்தயங்கள். அவற்றில் ஓடும் வண்டிகள் பலவற்றைப் போட்டி இடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். வலுவான அச்சுக்கு மாறிய ஒரு விளையாட்டு வீரர் கழற்றிப் போட்டதே இந்த ஹவுசிங். பணக்கார மோகம் என்று இதை ஒதுக்கிவிட எளிதாக இருக்கும். ஆனால் பழைய ஜீப்பின் உதிரிச் சந்தையை உயிரோடு வைத்திருப்பதில் அந்த மோகத்துக்கும் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சேற்றில் குளிக்கும் வண்டியின் மிச்சம், திங்கட்கிழமை அரிசி இழுக்கும் வண்டிக்குப் போகிறது.

அதே வீரர் ஹவுசிங்கோடு அறிவுரையும் கொடுத்தார்: வண்டியை ஆறு அங்குலம் தூக்குங்கள், பெரிய டயர் போடுங்கள், முன்னால் விஞ்ச் வையுங்கள். ஓட்டுநர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். எதையும் செய்யவில்லை. ஹவுசிங் எஞ்சினைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கினார், டயரை 6.00-16இலிருந்து ஒரு படி ஏற்றி 7.00-16 ஆக்கினார், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அவருடைய கணக்கு வேறு. விளையாட்டு வண்டி ஏறுவதற்குக் கட்டப்படுகிறது. இடமலக்குடி பெட்டிமுடிக்குக் கீழே இருக்கிறது. சுமை இறங்கும்; வெறும் வண்டி ஏறும். ஆகவே இந்த வண்டியின் சோதனை முழுவதும் இறக்கத்தில்தான். ஐம்பது கிலோ மூட்டைகள் பத்துப் பன்னிரண்டு முதுகில் இருக்க, ஈரக் களிமண் சரிவில், பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். மிதிக்காமல் இறக்கவேண்டும். அதற்கு எஞ்சினே பிரேக்காக வேண்டும். அந்தப் பிடி நான்கு சக்கரத்துக்கும் போகவேண்டும்.

இங்கேதான் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர். முன்பு முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 14 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. கியர்பாக்ஸின் முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, அச்சின் விகிதம் 5.375, பெருக்கினால் இப்போது 37 சுற்றுக்கு ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் விட்டால் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டரளவில் நகரும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சரிவில் இறங்கும் ஒருவருடைய நடையும் ஏறக்குறைய அதே வேகந்தான். எட்டு மாத வேலை, அடமானம் வைத்த நகை, உக்கடத்துக்கு ஆறு பயணம், எல்லாம் சேர்ந்து அந்த ஜீப்புக்கு மனிதநடை கற்றுக்கொடுத்தன.

உயரத்தை அவர் மறுத்ததில் ஆசானுக்கும் உடன்பாடு. தூக்கி வைத்த ஜீப் சாயும்போது திரும்பி நிமிர்வதில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். மலையில் ஜீப் விபத்து என்பது விளையாட்டுச் செய்தி அன்று. தேனிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு மேலேறும் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகள் கவிழும் செய்தி நமக்குப் பழகிப்போன அளவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்டில் வயநாட்டின் தலப்புழைக்கு அருகே தேயிலைத் தொழிலாளர்கள் வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். சுமையோடு இறங்கும் ஜீப்பைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. பிரேக்கில் மட்டும் ஓட்டுநர் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கவில்லை. நான்கு டிரம்மும் புதியவை, குழாய்களும் புதியவை.

ஆகவே சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதை எதிரியாக நிறுத்தவேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்ட வடிவத்தில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்தின் விதிகளைக் காட்டி இதற்கு விலக்குத் தேடிய வழக்கில், 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தப் பொருளையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைக் கொண்டுவந்தது: அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாற்று எரிபொருளுக்கும், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப அமைக்கும் வண்டிக்கும் தனி வழி உண்டு. காட்டுப் பாதைக்குத் தனி வழி இல்லை.

ஒரு மாற்றத்துக்கு 5,000. மருமகன் இதை அலைபேசியில் படித்துக் காட்டிய அன்றுதான் எண்ணிக்கை தொடங்கியது.

"மாமா, முன் ஹவுசிங் ஒண்ணு. பின் ஹவுசிங் ரெண்டு. கியர்பாக்ஸு மூணு. முன்தண்டு நாலு. டயரு அஞ்சு. பெட்டியக் கழட்டுனது ஆறு. முப்பதாயிரம்."

ஆசான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செய்தது ஒரே வேலை. வண்டியை ஃபோர்வீல் ஆக்கினார். மற்றவை அந்த ஒன்றின் உள்ளே அடக்கம். சட்டை தைத்ததற்குக் கூலி கேட்கலாம், பொத்தான் துளைக்குத் தனியாகக் கேட்பார்களா என்றார்.

ஓட்டுநரின் விடை பூஜ்யம். "கம்பெனிக்காரனே இந்த ஜாதி வண்டியை டூவீலாவும் வித்தான், ஃபோர்வீலாவும் வித்தான். அவன் போட்டதத்தான் நானும் போட்டிருக்கேன். வெளிச் சாமான் ஒண்ணு காட்டு பாப்போம்."

ஆறு, ஒன்று, பூஜ்யம். மூன்றும் அபத்தமில்லாத விடைகள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரு சொல்லா பல சொற்களா என்று கேட்டால் எழுதுபவரும் அகராதிக்காரரும் இலக்கணக்காரரும் இதே போலத்தான் பிரிவார்கள். அங்கே யாரும் சொல்லுக்கு 5,000 ரூபாய் கட்டவேண்டியதில்லை என்பதால் சண்டை நாகரிகமாக நடக்கிறது. அலகு எது என்று வரையறுக்காமல் அலகுக்கு இவ்வளவு என்று விலை குறிப்பதில் உள்ள சிக்கலைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்தார்களா என்பது தனியாக ஆராயவேண்டிய பொருள்.

இதற்கிடையில் எடைப்பாலம் ஒரு வேடிக்கை காட்டியது. பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்றெடை, சக்கர இடைத்தூரம், எஞ்சினின் கொள்ளளவு, இருக்கைகள், மேற்கூட்டின் வகை போன்றவை இருக்கும். முன் அச்சு சுற்றுமா சுற்றாதா என்பதற்கு அவருடைய சான்றிதழில் இடமில்லை. இரண்டு ஹவுசிங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூட்டிய இரும்பு எடையால் மாட்டிக்கொள்வோம் என்று மருமகன் பயந்தான். எடைபோட்டுப் பார்த்தபோது பழைய எண்ணோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. கழற்றிப்போட்ட ரொட்டிப் பெட்டியும் அதன் மரச்சட்டமும் அலமாரியும், ஏறிய இரும்புக்கு ஈடாகிவிட்டன. எஞ்சின் அதே எஞ்சின். இடைத்தூரம் அதே தூரம். காகிதத்தின் கண்ணுக்கு வண்டியில் மாறியது ஒன்றே ஒன்று: 'மூடிய வேன்' என்று இருந்த இடத்தில் இப்போது திறந்த கூடு. மலைக்கு எது பொருட்டே இல்லையோ அது மட்டும் சான்றிதழில் தெரிந்தது; எதற்காக எட்டு மாதம் உழைத்தார்களோ அது தெரியவில்லை.

வழி திறந்துகிடந்தது. கூட்டை மாற்றியதற்கு மட்டும் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிடலாம். அச்சைப் பற்றி வாயே திறக்கவேண்டாம். மே 31இல் தகுதிச் சான்று முடிகிறது. இத்தனை பழைய மஞ்சள் எண்பலகை வண்டிக்கு ஆண்டுதோறும் அது வேண்டும். ஆய்வாளர் குனிந்து பார்த்தால் பார்க்கட்டும். மருமகன் விண்ணப்பத்தை அப்படியே எழுதி வைத்திருந்தான். அதே பாதையில் ஓடும் வேறு வண்டிகளின் கதை அவனுக்குத் தெரியும். அவற்றில் யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஓட்டுநர் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் அந்தக் காகிதம் வீட்டில் கிடந்தது. தயக்கம் சட்டத்தின் மீதுள்ள மரியாதையால் வந்தது என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஒவ்வொரு நடையிலும் சுமை இறக்க இரண்டு இளைஞர்கள் கூட வருகிறார்கள், குடிகளைச் சேர்ந்தவர்கள், ஒருவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அச்சைத்தான். சொல்லாமல் மறைத்த மாற்றம் என்று ஒன்று கிடைத்துவிட்டால், இழப்பீட்டை மறுப்பதற்கு அதையே முதல் ஆயுதமாக எடுப்பார்கள். வழக்கு இழுக்கும், அந்தக் குடும்பம் இடமலக்குடியிலிருந்து ஏறிவந்து நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். பெட்டிமுடியில் மண் மூடிய பிறகு எத்தனை பேர் எத்தனை அலுவலகங்களில் எத்தனை நாள் நின்றார்கள் என்பதை அவர் பார்த்தவர்.

"சொன்னா வண்டிய நிப்பாட்டிருவான் மாமா."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஓடும்."

"ஓடுற வரைக்கும் ஓடும்லே. நிக்கிற அன்னிக்கு யாரு தலையில நிக்கும்?"

மருமகனுக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. அவன் வாதத்திலும் வலு இருக்கிறது: வண்டி நின்றால் அரிசி நிற்கும், அல்லது எதையும் எழுதிக்கொடுக்காத, இதைவிட மோசமாகப் பற்றவைத்த ஒரு ஜீப்பில் போகும். ஒழுங்காகச் செய்து ஒழுங்காகச் சொன்னவனின் வண்டி முற்றத்தில் நிற்க, மற்றவை ஓடுவது எந்தப் பாதுகாப்பைக் கூட்டும் என்று கேட்கிறான். அதற்கு மாமனிடம் விடை இல்லை. விடை இருக்கவேண்டிய இடம் வேறு.

புதிய விண்ணப்பத்தை அவரே சொல்லச் சொல்ல மருமகன் எழுதினான். மாற்றங்களை வரிசை எண்ணிட்டு எழுதுவதா என்ற கேள்வி வந்தது. எண் போட்டால் ஆறு ஆகிவிடும். ஆசானைக் கேட்டார்கள், அவர் ஒரே வாக்கியமாக எழுதச் சொன்னார். அப்படியே எழுதினார்கள்: இன்ன எண்ணுள்ள வண்டி, அதே தயாரிப்பாளரின் உதிரிபாகங்களைக் கொண்டு, முன் பின் அச்சுகளும் கியர்பாக்ஸும் அவற்றைச் சேர்ந்த பிறவும் பொருத்தப்பட்டு, மலைப்பாதையில் பொருள் ஏற்றிச்செல்லும் பொருட்டு, நான்கு சக்கர இயக்கமாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஒரு எழுவாய், ஒரு பயனிலை. நடுவில் அரைப் பக்கம் எச்சங்கள்.

அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் இரண்டு முறை படித்தார். இப்படிப்பட்ட விண்ணப்பத்தைத் தாம் பார்த்ததில்லை என்றார். அதில் கேலி இல்லை. அச்சுகளின் அமைப்பைக் காட்டும் வரைபடம் ஒன்று இணைக்கச் சொல்லிவிட்டு, தேதி முத்திரையிட்ட ரசீதைக் கொடுத்தார். மருமகன் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் புகுந்தான். படித்த டிப்ளமாவுக்கு முதல் வேலை அது. பக்கவாட்டுத் தோற்றம், மேல்தோற்றம், ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டரில் அளவுகள். முன்தண்டு குறுக்குச்சட்டத்தைக் கடக்கும் இடத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கி வரைந்தான். ஆசான் அதைப் பார்த்துவிட்டு, தான் செய்ததுதானா இது என்று கேட்டார். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் மழை தொடங்கிவிடும். மழைக்கு முன் குடிகளுக்கு இறங்கவேண்டிய அரிசி பெட்டிமுடி வரை குட்டி லாரியில் வந்து, அங்கே ஜீப்பில் மாறுகிறது. மே மாதத்தில் மிச்சமிருக்கும் நாள்களை அவர் நடைகளாக எண்ணிக்கொண்டிருக்கிறார்: வனத்துறை அனுமதி கிடைக்கும் நாள்கள், சங்கிலி தேவைப்படாத நாள்கள், அந்த இரண்டு இளைஞர்களும் வரக்கூடிய நாள்கள். ஒரு நடைக்குப் பன்னிரண்டு மூட்டை. 31ஆம் தேதிக்குள் ஒன்பது நடை முடியும் என்பது அவர் கணக்கு. மருமகன் பதினொன்று என்கிறான்.